புதிய முயற்சிக்கு மாறாத ஒரு நேரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘புதிதாக எதையாவது முயன்று பாருங்கள், வளர்வீர்கள்’ என்ற அறிவுரை நாளிதழ் இணைப்புகளில் அடிக்கடி வருகிறது. அறிவுரையில் பிழையில்லை. படித்த அன்று ஒரு வேகம் பிறக்கும், இரண்டு வாரம் நடக்கும், பிறகு ஓசையில்லாமல் நின்றுபோகும். நின்றதற்குத் தன் சோம்பல்தான் காரணம் என்று வாசகர் தன்னையே நொந்துகொள்வார். பெரும்பாலும் காரணம் சோம்பல் இல்லை. அந்த அறிவுரைக்குள்ளேயே ஒரு முடிச்சு அவிழாமல் கிடக்கிறது. வளர்ந்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருப்பவர்கள் நாள்தோறும் கையாளும் முடிச்சு அது. அதை விளக்கவும், கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கவும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே சூழலில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் அது பழக்கமாகப் படியும். புதியது என்றால் இதுவரை செய்யாதது. அப்படியிருக்க, வாராவாரம் மாறுகிற ஒன்று எப்படிப் பழக்கமாகும்? ஆகாது. பழக்கமாக்கக்கூடியது அதைச் சுற்றியுள்ள கூடு மட்டுமே: கிழமை, மணி, உட்காரும் இடம், குறிப்பேடு, முடிவெடுக்கும் நாள். உள்ளே வைக்கும் சரக்கு மாதாமாதம் மாறலாம். கூடு மாறக்கூடாது. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் கணக்குத்தான்.

முதலில் ஒரு வேண்டுகோள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதை இனி அச்சிடாதீர்கள். அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல் எழுதியதிலிருந்து கிளம்பிய கணக்கு அது. அறுவை சிகிச்சையால் மாறிய முகத்துக்கு நோயாளியின் மனம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்பதுதான் அவர் கவனித்தது. வாய்மாறி வந்ததில் ‘குறைந்தது’ என்ற சொல் உதிர்ந்துவிட்டது, முகமும் உதிர்ந்துவிட்டது. யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவே ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்டவை தினமும் செய்யும் எளிய செயல்கள். நான் கீழே சொல்லப்போவதுபோல வாரத்துக்கு மூன்று முறை மட்டும் செய்வது படிய இன்னும் நாளாகும் என்று எதிர்பார்ப்பதே நல்லது. எனவே முதல் மூன்று, நான்கு மாதம் உங்களை நீங்களே தள்ளித்தான் உட்கார வைக்க வேண்டியிருக்கிறது என்றால் எதுவும் கோளாறாகிவிடவில்லை. அது அப்படித்தான் இருக்கும்.

இனி அளவுகள். வாரம் மூன்று அமர்வு, ஒவ்வொன்றும் 25 நிமிடம், ஒரு முயற்சிக்கு நான்கு வாரம். மொத்தம் 12 அமர்வு, ஐந்து மணி நேரம். ஐந்து மணி நேரத்தில் எதிலும் தேர்ச்சி வராது. ஆனால் அந்தப் பொருள் நமக்கு ஒத்துவருமா, வராதா என்று சொல்ல அது போதும். ஒரு மணி நேரம் வேண்டும் என்று தொடங்குபவர்கள் ஒரு மணி நேரம் கிடைக்காத முதல் நாளிலேயே விட்டுவிடுகிறார்கள். 25 நிமிடம் கிடைக்காத நாள் அபூர்வம். தினமும் செய்வதாக வைத்துக்கொள்வதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வாரம் மூன்று என்றால் தவறிய அமர்வை மறுநாள் செய்துகொள்ள இடம் இருக்கும். தினமும் என்றால் தவறியது கடனாக ஏறும்.

நேரத்தைக் குறிப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ‘நேரம் கிடைக்கும்போது’ என்பது நேரமே அல்ல. ‘மாலையில்’ என்பதும் போதாது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1999-இல் விரித்து எழுதிய எளிய உத்தி ஒன்று இருக்கிறது: ‘இது நடந்தால், இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே ஒரே வாக்கியமாக எழுதிவைப்பது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 தனித்தனிச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் உறுதி எடுத்தவர்களைவிட இப்படி வாக்கியம் அமைத்தவர்கள் இலக்கை எட்டுவது கணிசமாகக் கூடியிருந்தது. நம் காரியத்துக்கு அந்த வாக்கியம் இப்படி இருக்கலாம்: ‘திங்கள், புதன், வெள்ளி காலையில் பல் துலக்கி முகம் கழுவியதும், சன்னல் ஓர நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறப்பேன்.’ இதில் மூன்று உறுப்புகள் இருப்பதைப் பாருங்கள். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயல், ஓர் இடம், கையால் செய்யும் முதல் அசைவு. ‘பயிற்சி செய்வேன்’ என்று முடிக்காமல் ‘குறிப்பேட்டைத் திறப்பேன்’ என்று முடிப்பது முக்கியம். பயிற்சி மாதாமாதம் மாறும். குறிப்பேட்டைத் திறப்பது மாறாது, அதனால் அதுதான் பழக்கமாகப் படியும்.

எதோடு சேர்த்துக் கட்டுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். வேலை முடிந்து வீடு திரும்பியதும் என்று கட்டினால், திரும்பும் நேரம் நாளுக்கு நாள் மாறுவதால் கயிறு அறுந்துவிடும். படுக்கப்போகும் முன் என்று வைத்தால் களைப்பு முந்திக்கொள்ளும். வேறொருவரை நம்பியிருக்கும் செயலோடு கட்டினால் அவர் ஊரில் இல்லாத வாரம் எல்லாம் சரியும்.

குறிப்பேட்டில் அமர்வுக்கு நான்கு வரி போதும். தேதி. செய்தது என்ன. எங்கே தட்டியது. அடுத்த முறை முதலில் செய்யப்போவது என்ன. இந்த நான்காவது வரிதான் உயிர். அடுத்த அமர்வில் ‘எங்கிருந்து தொடங்குவது’ என்று யோசிக்க வேண்டிய நிலை வந்தால் முதல் பத்து நிமிடம் அதிலேயே கரையும், கை தானாக செல்போனுக்குப் போகும். ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடும் வழக்கம் வேண்டாம். மூன்றாவது அமர்வில் இரண்டு நட்சத்திரம் விழும், அதைக் காரணம் காட்டி மனம் நழுவிவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? இதில் ஒரு வேறுபாட்டை யாரும் சொல்வதில்லை. வழக்கமான பாதையை விட்டு வேறு தெருவழியாக நடப்பதும், புதிய கைவேலை ஒன்றைக் கற்பதும் ஒரே வகை அல்ல. முன்னது மனதை லேசாக்கும், அதற்கு மேல் சேராது. பின்னது சேரும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகத்தில் டெனிஸ் பார்க் குழுவினர் 60 முதல் 90 வயது வரையுள்ள 221 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2014-இல் வெளியானது. ஒரு பகுதியினர் டிஜிட்டல் புகைப்படக்கலை, ஒட்டுத்துணிப் போர்வை தைத்தல் போன்ற பழக்கமில்லாத திறன்களை மூன்று மாதம், வாரத்துக்குச் சராசரியாக 16 மணி நேரத்துக்கும் மேலாகக் கற்றார்கள். வேறு சிலர் ஒன்றுகூடிப் பேசி, விளையாடி, உலா சென்று அதே அளவு நேரத்தைக் கழித்தார்கள். நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ளும் திறன் கூடியது திறன் கற்றவர்களிடம்தான். வாரத்துக்கு 16 மணி நேரம் நம்மால் ஆகாது, நம் 75 நிமிடத்தில் அதே பலனை எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. இந்த வயதில் இனி எதற்கு என்று ஒதுங்கும் பெரியவர்கள் அந்த 221 பேரின் வயதை இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

தேர்வுக்கு என் அளவுகோல் இரண்டு. வீட்டில் இருப்பதை வைத்துப் பத்து நிமிடத்துக்குள் தொடங்க முடிய வேண்டும். தவறு செய்தால் அது தவறு என்று உடனே, யாரும் சொல்லாமலே தெரிய வேண்டும். இரண்டுக்கும் பொருந்துகிற ஒன்றை எடுத்து விளக்குகிறேன்: மூன்று பந்துகளை மாற்றி மாற்றி மேலே வீசிப் பிடிப்பது. அம்மானை என்றால் உடனே புரியும். ஜெர்மனியில் போக்டான் டிராகான்ஸ்கி குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வுக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் பழகியவர்களின் மூளையில், அசையும் பொருளைக் கண்ணால் தொடர்வதற்கு உதவும் பகுதியில் சாம்பல்நிறப் பொருள் (நரம்புச் செல்கள் செறிந்த திசு) கூடியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அதன்பின் மூன்று மாதம் பந்தைத் தொடாமல் இருந்ததும் கூடியதில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

பந்துக்குச் சுருட்டிக் கட்டிய காலுறைகள் மூன்று போதும். ரப்பர் பந்து வேண்டாம். அது துள்ளி ஓடும், பொறுக்கி எடுப்பதிலேயே பாதி நேரம் போகும். கட்டிலைப் பார்த்து நின்றுகொண்டால் தவறவிட்டது கட்டிலில் விழும், குனிய வேண்டியதில்லை. முதல் அமர்வு முழுக்க ஒரே ஒரு பந்து. முழங்கையை இடுப்பை ஒட்டி மடக்கி, வலக்கையிலிருந்து இடக்கைக்குக் கண் உயரம் வரை எழும்பி வளைந்து போகும்படி வீச வேண்டும். பிறகு இடமிருந்து வலம். ஒவ்வொரு பக்கமும் 50 முறை, உச்சி ஒரே உயரத்தில் வரும்வரை. அலுப்பாக இருக்கும். ஆனால் இதைத் தாண்டி ஓடுபவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, மூன்றாவது அமர்வில் இரண்டு பந்து. முதல் பந்து உச்சியைத் தொடும் நொடியில் இரண்டாவதை அதற்கு அடியில் உள்பக்கமாக வீச வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குவார்கள். இரண்டாவது பந்தை மேலே வீசாமல், பக்கவாட்டில் அடுத்த கைக்குத் தள்ளிவிடுவார்கள். கை அவசரத்தில் குறுக்குவழி தேடுகிறது. ‘வீசு, வீசு, பிடி, பிடி’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தால் இது திருந்தும். வலக்கையில் தொடங்கிப் பத்து முறை, இடக்கையில் தொடங்கிப் பத்து முறை. பழக்கமில்லாத கையை ஒதுக்கிவைத்தால் மூன்றாவது பந்து ஒருநாளும் வராது.

நான்காவது அமர்வில் மூன்றாவது பந்து. இரண்டு பந்து இருக்கும் கைதான் முதலில் வீச வேண்டும். மூன்று முறை வீசி, மூன்றையும் பிடித்து, நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்து ஓட்டப் பார்க்கக்கூடாது. மூன்று நிலைத்தால் நான்கு, பிறகு ஐந்து வீச்சு. வீசிக்கொண்டே முன்னால் நடந்துபோகிறீர்கள் என்றால் பந்து உடம்பைவிட்டு விலகிப் போகிறது என்று பொருள். அதற்கும் கட்டில் விளிம்பே தடுப்பு. பிடி தவறுகிறதே என்று கையைக் கவனிப்பவர்களுக்கு வித்தை கைகூட நாளாகும். தவறு பிடியில் இல்லை, வீச்சில் இருக்கிறது. கண் உச்சியில் இருக்கட்டும். 12 அமர்வில் பலருக்குத் தொடர்ந்து பத்துப் பதினைந்து பிடிவரை வந்துவிடும். வராவிட்டாலும் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று குறிப்பேடு சொல்லும்.

இந்த எடுத்துக்காட்டு ஏன் நல்லது என்றால், ஒருமுறை வீசிப் பார்க்க மூன்று நொடிதான் ஆகிறது. 25 நிமிடத்தில் நூற்றுக்கணக்கான முறை தவறலாம், திருத்தலாம். பாடுவது, புதிய மொழியின் உச்சரிப்பு போன்றவற்றில் தவறு நம் காதுக்கே தெரியாது. அவற்றை எடுப்பவர்கள் அமர்வின் கடைசி மூன்று நிமிடத்தைச் செல்போனில் பதிந்து, அடுத்த அமர்வின் தொடக்கத்தில் கேட்க வேண்டும். புதிய எழுத்துமுறை ஒன்றைக் கற்பவர்கள் அமர்வுக்கு நான்கு எழுத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் முந்தைய எழுத்துகளைப் பார்க்காமல் எழுதிப் பார்க்கட்டும். கற்றது தொடக்கத்திலேயே வேகமாக மறக்கும் என்பதை உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே தன்னைத்தானே சோதித்து அளந்து எழுதிவிட்டார்.

எதுவானாலும் வீடியோ பார்ப்பதை அமர்வாகக் கணக்கில் எடுக்காதீர்கள். மைக்கேல் கார்டாஸ், எட் ஓ’பிரையன் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், சுவரில் மாட்டிய வட்ட இலக்கில் சிறு அம்பு (டார்ட்) எறியும் காட்சியை 20 முறை பார்த்தவர்கள், ஒரே முறை பார்த்தவர்களைவிடத் தங்களுக்கு நன்றாக வரும் என்று நம்பினார்கள். எறிந்து பார்த்தால் புள்ளியில் அவர்கள் முந்தவில்லை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இருபது நிமிடம் செய்வது சரியான விகிதம்.

அடுத்து, மூன்றாவது அமர்வின் சரிவு. இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் பாதி வெற்றி. புதியதைக் கண்டதும் எழும் கிளர்ச்சி திரும்பச் செய்யும்போது தேய்வது மூளையின் இயல்பு. திறன் எழும்புவதற்கு முன்பே கிளர்ச்சி இறங்கிவிடுகிறது. இடையிலுள்ள இந்தப் பள்ளத்தில்தான் ஆர்வக்கோளாறு என்று நாம் சொல்வது நிகழ்கிறது. இதைவிட இன்னொன்று நன்றாக இருக்கும் என்று மனம் தாவும். எனவே ஆறாவது அமர்வுக்கு முன் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்ற தீர்ப்பை எழுதக்கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-இல் காட்டியதுபோல, அறிமுகமில்லாத ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்பதாலேயே அதன்மீது விருப்பம் கூடுவதுண்டு. வலி, பயம், காயம் இவை வேறு. அவற்றுக்கு ஆறு அமர்வு காத்திருக்க வேண்டாம், அன்றே நிறுத்துங்கள். நீச்சல், மலையேற்றம் போல உடலுக்கு ஆபத்துள்ளவற்றைப் பயிற்றுநர் இல்லாமல் தொடங்கவே கூடாது.

கருவியை முதல் நாளே வாங்குவதும் தவறு. காசு போட்டுவிட்டோமே என்ற எண்ணம் தீர்ப்பைக் கெடுக்கும். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் 1985-இல் எழுதிய ஆய்வில், நாடகப் பருவச் சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள் தள்ளுபடியில் வாங்கியவர்களைவிடப் பருவத்தின் முதற்பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். போட்ட பணம் இழுத்துக்கொண்டு போனது. 12 அமர்வு முடியும்வரை இரவல் வாங்குங்கள், இருப்பதை வைத்துச் சமாளியுங்கள்.

அமர்வு ஒன்று தவறினால் கவலை வேண்டாம். இரண்டு அடுத்தடுத்துத் தவறினால் மூன்றாவதைப் பத்து நிமிடமாகச் சுருக்குங்கள். தவறியதை ஈடுகட்ட நேரத்தைக் கூட்டினால் மூன்றாவதும் தவறும். வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கும் காலத்தில் முழுவதுமாக நிறுத்திவைத்து, திரும்பத் தொடங்கும் தேதியைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். முன்பு பிடித்தவை உட்பட எதிலுமே வாரக்கணக்கில் நாட்டமில்லை என்றால் அதற்குத் தேவை புதிய முயற்சி இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நான்காவது வாரக் கடைசியில் முடிவெடுக்கும் நாள். அந்தத் தேதியை முதல் அமர்விலேயே எழுதியிருக்க வேண்டும். விடு, ஒத்திவை, தொடர் என மூன்றில் ஒன்று. விடுவதில் வெட்கம் எதுவும் இல்லை. எது நமக்கு ஒத்துவராது என்று ஐந்து மணி நேரத்தில் தெரிந்துகொண்டோம். ஆனால் ‘தொடர்’ என்று முடிவெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், இது எங்கும் எழுதப்படாத இடம். தொடரப்போகிற பொருளைப் புதியதற்கான நேரத்திலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்கு வேறு கிழமை, வேறு மணி. அதே கூட்டில் அது தங்கிவிட்டால் அடுத்த புதியதற்கு இடமில்லை. ஒரு நல்ல பொழுதுபோக்கு மிஞ்சும், முயலும் பழக்கம் செத்துவிடும். ஒரே சமயத்தில் தொடர்பவை இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது வந்தால் ஒன்றை ஒத்திவையுங்கள். ஆண்டில் இரண்டு மாதம் புதியது எதையும் எடுக்காமல், தொடர்பவற்றை ஆழப்படுத்த ஒதுக்குங்கள். சித்திரமும் கைப்பழக்கம் என்பது அங்கேதான் பொருந்தும். ஆக ஆண்டுக்குப் பத்து முயற்சி. அதில் ஒன்றோ இரண்டோ நிலைத்தால் அது நல்ல ஆண்டு.

ஆசிரியரிடம் என் கோரிக்கை இதுதான். ‘முயன்று பாருங்கள்’ என்ற பொது அறிவுரைக்குப் பதிலாக, மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தி வெளியிடுங்கள். ஒரே ஒரு முயற்சி. என்ன பொருள் வேண்டும், முதல் பத்து நிமிடத்தில் கை என்ன செய்ய வேண்டும், எங்கே சறுக்கும், ஏன் சறுக்கும், 12 அமர்வு முடிவில் எதைப் பார்த்துத் தொடரலாமா என்று தீர்மானிப்பது. எட்டு வரி போதும். அந்தந்தக் கலையைக் கற்றுக்கொடுப்பவர்களையே எழுதச் சொல்லுங்கள். சறுக்கும் இடம் அவர்களுக்குத்தான் தெரியும். நான்காவது வாரத்தில் அதே இடத்தில் ‘விடு, ஒத்திவை, தொடர்’ என்று மூன்று கட்டம் போட்டு வையுங்கள், வாசகர் பேனாவால் குறித்துக்கொள்ளட்டும். முதல் மாதத்துக்கு மூன்று பந்து பயிற்சியை எடுத்துக்கொள்ளலாம். மேலே எழுதியதைச் சுருக்கினால் எட்டு வரிக்குள் அடங்கும். பந்து பறக்கும் பாதையைக் காட்டும் ஒரு சிறு கோட்டோவியம் மட்டும் உங்கள் ஓவியர் போட்டுத்தர வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
வளர்ந்தோர் கல்வித் துறையில் பணிபுரியும் வாசகர்